நூறு சிப்பியும் ஒரு குளியலறையும்

குளிக்கத் தொட்டிக்குள் காலை வைக்கப் போன கணவரின் பனியனைப் பிடித்து இழுத்தாள் சிப்பிக்காரி.

"மிதிச்சுடாதீங்க. உள்ள நூறு உயிர் இருக்கு."

அவளுக்குச் சிப்பி வளர்ப்பு நிலையத்தில் வேலை. ஆற்றில் அற்றுப்போன இனத்தின் கடைசி இருநூறு சிப்பிகளை, மறுபடி ஆற்றிலேயே விடுவதற்காக இரண்டு தொட்டிகளில் வளர்த்து வந்தார்கள். திடீரென்று திட்டத்தை மூடிவிட்டார்கள். "தொட்டியைக் காலி பண்ணுங்க" என்றார் அதிகாரி. அவள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் முதல் தொட்டியில் ஒன்றுகூட இல்லை. சாக்கடையில்தான் கொட்டியிருப்பார், கல்நெஞ்சக்காரர். மிச்சம் நூறையும் அன்றே வாளியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"அப்ப நான் எங்க குளிக்கிறது?"

"உங்க தங்கச்சி வீட்ல."

ஒரு வாரத்துக்கு மேல் தினமும் துண்டும் சோப்புமாக வந்து நின்ற அண்ணனைப் பார்த்துத் தங்கை பதறிப்போனாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை என்று அம்மாவுக்குப் போன் பறந்தது. மறுநாளே மாமியார் பெட்டியோடு சமாதானம் பேச வந்து இறங்கினார்.

வந்தவர் குளிக்க வேண்டாமா? தொட்டியைத் தொடாமல் தரையில் நின்றே நாலு வாளி ஊற்றிக்கொண்டார். சிப்பிகளுக்காக மூன்று மாடி தூக்கி வந்த ஆற்றுத் தண்ணீரின் சேறு, தரைக்குழாயை என்றைக்கோ அடைத்திருந்தது. நாலு வாளியும் கீழ்வீட்டுக்காரரின் கட்டிலில் இறங்கியது. கத்துவதற்காக மேலே வந்தவர் தொட்டியைப் பார்த்தார். கத்தாமல் இறங்கிப் போய் நேரே நிலையத்துக்குப் போன் போட்டார்.

சாயங்காலம் முதலில் சென்ட் வாசனை வந்தது. மூக்கைப் பிடிக்கிற அந்த வாசனைக்குப் பின்னால் அதிகாரியும், அவருக்குப் பின்னால் டிரைவரும் வந்தார்கள்.

சிப்பிக்காரி குளியலறை வாசலை அடைத்து நின்றாள். "வேலையை வேணா எடுத்துக்குங்க சார். இதுல ஒண்ணைத் தொட விடமாட்டேன்."

மாமியார் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றார். "என் மருமக சொன்னா சொன்னதுதான்."

அதிகாரி அவர்களைத் தாண்டித் தொட்டியை எட்டிப் பார்த்தார். "குழாய்த் தண்ணியா?"

"ஆத்துத் தண்ணி."

"சேறு குழாயை அடைக்குமே, என்ன பண்றீங்க?"

இதெல்லாம் இவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் முழித்தாள். அதிகாரி கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

டிரைவர்தான் மெதுவாக வாயைத் திறந்தார். "ஐயா வீட்லயும் பத்து நாளா யாரும் குளிக்கலம்மா."