ரெக்கை மச்சானின் பெட்ரோல் முள்

முள் வைத்த எந்தக் கருவியையும் நம்பாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரும் எங்கள் கடலூர் ஓல்டு டவுனில்தான் இருக்கிறார், அதுவும் என் பெண்டாட்டியின் அண்ணனாக. ஊர் அவரை ‘ரெக்கை’ என்கிறது. டாக்டர் பிரஷர் பார்த்தால் வேறு மிஷினில் பார்க்கச் சொல்வார். ஸ்கூட்டரைச் சாய்த்து ஆட்டி, டேங்கில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் கிளப்புவார்.

தொழில், மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் ரிப்பேர். பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், சொந்தக் கையால் இரண்டு சீட்டு விமானம் ஒன்றைக் கட்டினார். கட்டியதைவிட, பறக்க அனுமதி வாங்கத்தான் அதிகக் காலம் பிடித்தது. அதுவும் கிடைத்த பிறகு மிச்சமிருந்த ஒரே தொல்லை, பெட்ரோல் முள்.

“கடல்ல எண்ணெய் தீந்தா அடுத்த படகுக்குக் கையக் காட்டலாம். மேல யாருகிட்ட மச்சான் காட்டுறது?” என்றார்.

அதனால் டேங்கைக் காலி செய்து, லிட்டர் லிட்டராக ஊற்றி, முள் நிற்கிற இடத்திலெல்லாம் தன் மனைவியின் நெயில் பாலிஷால் கோடு போட்டார். என் வேலை, பக்கத்து சீட்டில் பாரமாக உட்கார்ந்திருப்பது. உடம்புவாகில் நான் அதற்கென்றே பிறந்தவன். கடைசிக் கோடு விழுந்தபோது வெயிலில் கருவாடாகியிருந்தேன்.

அப்போதுதான் ரெக்கை தலையில் கைவைத்துக்கொண்டார். அவருடைய விமானத்துக்கு வாலடியில் ஒரு குட்டிச் சக்கரம். தரையில் நின்றால் மூக்கு வானத்தைப் பார்க்கும். பெட்ரோல் முழுக்கப் பின்பக்கம் ஓடி, முள்ளை ஆட்டிவைக்கிற மிதவைக்கடியில் சேர்ந்துவிடும். பறக்கும்போதோ விமானம் மட்டமாக இருக்கும். அவ்வளவு நேரம் நாங்கள் அளந்தது, நிற்கிற விமானத்துக்கு.

“நிக்கிற பிளேனுக்கு எதுக்கு மச்சான் பெட்ரோலு?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுச் சாப்பாட்டு மேசையைத் தூக்கிவந்து, அதன்மேல் வாலை ஏற்றிவைத்து, கோடுகளையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அலுத்துப்போய் நானும் மறுபடி ஏறி உட்கார்ந்தேன். அந்த வாரம் முழுக்க அவர் குடும்பம் தரையில் சாப்பிட்டது.

சிதம்பரத்துக்கு வெளியே, நண்பர் ஒருவரின் கெட்டியான தரிசு நிலத்திலிருந்து கிளம்பினோம். ரெக்கை முன்னால் பார்ப்பது என்றும், நான் முள்ளைப் பார்த்தால் போதும் என்றும் ஏற்பாடு. கீழே பிச்சாவரம் பச்சைப்பசேலென்று கிடந்ததாம். நான் பார்த்தது பாதியில் நின்ற ஒரு முள்ளை மட்டும்தான்.

திரும்பி வரும்போது அந்த முள் சரசரவென்று சரிந்து பூஜ்யத்தில் படுத்தது. அதே நேரம் எஞ்சின் சத்தம் குறைந்தது. மூக்கும் கீழே கவிழ்ந்தது. மூன்றையும் கூட்டிப் பார்த்ததில் என் கணக்கு முடிந்துபோனது தெரிந்தது. நடராஜரைக் கூப்பிட்டேன். அவர் ஆட்டத்தில் இருந்தால் என்ன செய்வது என்று வேளாங்கண்ணி மாதாவையும் கூப்பிட்டேன். அப்புறம் ரெக்கையின் சட்டையைப் பிடித்தேன். பொத்தான் கையோடு வந்தது.

“மச்சான், முள்ளு படுத்துடுச்சி.”

“எறங்குறோம் இல்ல? பெட்ரோல் முன்னாடி ஓடியிருக்கும். கம்முனு உக்காரு.”

சொன்னாரே தவிர, அவர் உதடும் எதையோ முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தது.

சக்கரம் தரையைத் தொட்டது. நான் பெல்ட்டைக் கழற்றுவதற்குள் அவர் குதித்து, மிச்சப் பெட்ரோலை கேனில் வடித்து அளந்தார். நம்பாமல் மறுபடியும் அளந்தார். இறங்கத் தொடங்குமுன் முள் காட்டிய அதே பாதி.

ரெக்கை சக்கரத்தில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“மொத தடவையா ஒரு முள்ள நம்புறேன் மச்சான். நீ கூட இருந்து பாக்கலன்னா நம்பியிருக்க மாட்டேன்.”

இப்போது ஞாயிறுதோறும் கூப்பிடுகிறார். செத்தாலும் வரமாட்டேன் என்று நானும் ஞாயிறுதோறும் சொல்கிறேன். ஷூ மாட்டிக்கொண்டு, அவர் வண்டி வருகிற திசையைப் பார்த்தபடி, வாசலில் நின்றுதான் சொல்கிறேன்.