இரண்டு சிலிண்டரில் பெரகல ஏற்றம்

அப்புத்தளை,
புதன்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய திரு. ஜெயகுமார் அவர்களுக்கு,

தங்கள் மகள் விதுஷாவை என் மகன் நிமலனுக்குக் கேட்டு வந்த வீரசிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. கொஸ்லந்தையில் தாங்களும் இல்லத்தாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே காரைத் தவிர எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். ஞாயிறு போய் மூன்று நாளாகிறது. தங்கள் மௌனத்துக்குக் காரணம் எனக்குத் தெரியும். தங்கள் மனைவி விஜயலெட்சுமி அம்மா பெரகல ஏற்றத்தில் என் காரைத் தள்ள நேர்ந்தது எப்படி என்பதை நானே முழுதாகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். என்ஜினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குவதைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேனே தவிர, ஓர் என்ஜினையும் கழற்றிப் பார்த்தவனில்லை. போன மாதம் யூடியூபில், வேகத்துக்கென்றே செய்த ஒரு வெளிநாட்டுக் காரைக் காட்டினார்கள். அதற்கு எட்டு சிலிண்டர். நிதானமாகப் போகும்போது அதில் நான்கு தானாகவே ஓய்வெடுத்துக்கொள்ளுமாம், மிச்ச நான்கும் காரை இழுத்துக்கொண்டு போகுமாம், உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாதாம், பெற்றோலும் மிச்சமாம், அழுத்தி மிதித்தால் எட்டும் ஒன்றாக விழித்துக்கொள்ளுமாம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எட்டில் நான்கை நிறுத்தலாமென்றால் என் நான்கில் இரண்டை ஏன் நிறுத்தக் கூடாது? என் கார் நிமலனை விட இரண்டு வயது மூத்தது என்பதை நான் யோசிக்கவில்லை. தங்கள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, என் மனைவி தனலெட்சுமி சேலை கட்டிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து, பொனட்டைத் திறந்து இரண்டு பிளக் வயர்களைக் கழற்றி ஓரமாகச் செருகிவிட்டேன்.

அப்புத்தளையிலிருந்து தங்கள் வீடு வரை முழுக்க இறக்கம். அந்தப் பாதையில் என்ஜினே இல்லாவிட்டாலும் கார் போகும். நானோ என் விஞ்ஞானம் பலித்துவிட்டதென்று விசிலடித்துக்கொண்டு வந்தேன். தனலெட்சுமி மட்டும், ஏன் சீட் இப்படி நடுங்குகிறது, தட்டிலிருந்த வாழைப்பழமெல்லாம் காலடிக்கு வந்துவிட்டதே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தங்கள் வாசலுக்கு வந்ததும் டமார் டமாரென்று நான்கு வெடி கேட்டதல்லவா? நல்ல காரியத்துக்குப் பட்டாசு கொளுத்திக்கொண்டு வந்திருக்கிறோம் என்று தாங்கள் சிரித்த முகத்தோடு வெளியே வந்து, இந்தக் காலத்திலும் முறை தெரிந்தவர்கள் என்று பாராட்டினீர்கள். நானும் தலையாட்டினேன். அது பட்டாசு இல்லை ஐயா, என் காரின் புகைக்குழாய்.

அதோடு விட்டிருக்கலாம். விஜயலெட்சுமி அம்மா பண்டாரவளைக்குக் கண் காட்டப் போக வேண்டும், பஸ்ஸில் போய்க்கொள்வார் என்றீர்கள். கார் இருக்கும்போது பஸ் எதற்கு என்று நான்தான் வற்புறுத்தி ஏற்றினேன். ஏற்றம் தொடங்கியதும் கார் முதலாம் கியருக்கு இறங்கியது. அதற்குக் கீழே கியர் இல்லை. முதுகில் தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு நடந்து வந்த ஓர் அம்மா எங்களைக் கடந்து போனவர், திரும்பி நின்று, "ஐயா, எறங்கி நடந்தா வெரசா போயிரலாம்ங்க," என்றார். அப்போதாவது நிறுத்தி, கழற்றிய வயர்களை மாட்டியிருக்க வேண்டும். மாட்டினால் கழற்றியது யாரென்று சம்பந்தியம்மாவுக்குத் தெரிந்துவிடுமே. என்ஜின் சூடாக வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்று அளந்துகொண்டே போனேன். சந்திக்குச் சற்றுக் கீழே அது நின்றே விட்டது. தங்கள் மனைவியும் என் மனைவியும் இறங்கித் தள்ளினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆத்திரம் முற்றினால் பெண்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பெரகலச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் ஸலீம் வந்து பொனட்டைத் திறந்தார்.

"இந்த ரெண்டு வயரையும் யாரு சேர் கழட்டினது?"

"நான்தான்," என்று சொல்லி, அந்த வெளிநாட்டுக் காரைப் பற்றி விளக்கினேன். கடைக்காரர்களெல்லாம் சுற்றி நின்று கேட்டார்கள். ஸலீம் குறுக்கிடாமல் கேட்டு முடித்துவிட்டு, "அந்தக் கார்ல கம்ப்யூட்டர் வால்வையும் மூடி, பெட்ரோலையும் நிப்பாட்டிரும் சேர். நீங்க நெருப்ப மட்டும்தானே நிப்பாட்டியிருக்கீங்க. பெட்ரோல் பாட்டுக்கு உள்ள போயி, எரியாம வெளிய போயிருக்கு. அதுதான் வெடிச்சிருக்கு," என்றார். அதாவது, மிச்சம் பிடிக்கப் போய் வழியெல்லாம் பெற்றோலை ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். "சேர்தான் எங்களுக்கு ஒம்பதாம் வகுப்புல என்ஜின் படிச்சுக் குடுத்தீங்க," என்றும் சொன்னார். அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆகவே ஐயா, குற்றம் முழுவதும் என்னுடையது. நிமலன் என்னைப் போன்றவனல்ல. வங்கியில் வேலை செய்கிறான், கழற்றுகிற பழக்கம் கிடையாது. தகப்பனின் மூளையை வைத்து மகனை எடை போடாமல், பிள்ளைகளின் விருப்பத்துக்கு நல்ல பதிலாகச் சொல்லுங்கள். தாங்கள் சரியென்று ஒரு வார்த்தை சொல்லும்வரை இந்த வீட்டில் எந்த ஏற்பாடும் நடக்காது என்று உறுதி கூறுகிறேன். தங்கள் குடும்பம் போகும் பாதையெல்லாம் சமதரையாக இருக்க அப்புத்தளை முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து நிற்கும்,
வீ. வீரசிங்கம்

பி.கு: தபாலில் போடுவதற்குள் நிமலன் சாப்பிட வந்தான். கடிதத்தை வாங்கி வாசித்தான். பிறகு, "அப்பா, இத அனுப்பாதீங்க. எங்களுக்கு எழுத்து முடிஞ்சு மூணு வாரமாச்சு," என்றான். பண்டாரவளையில் விவாகப் பதிவாளர் முன்னால் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். அத்தாட்சிப் பத்திரத்தையும் காட்டினான். தாங்களும் என்னைப் போல இப்போதுதான் அறிகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாட்சிகள் இரண்டு பேர். ஒரு கையெழுத்து தனலெட்சுமியுடையது. மற்றது யாருடையதென்று தாங்கள் வீட்டுக்குள் போய்க் கேட்டுக்கொள்ளவும்.