நந்தியாவட்டை விதித்த கடற்போர்

வாழ்க பகவதியப்பன்! பழையாற்று நீர் பாயும் சுசீந்திரத்தில் முப்பத்திரண்டு ஆண்டு வீடுவீடாய் ஏறி, வாசல்தோறும் எதிர்த்து நின்ற நாய்ப்படைகளைக் கம்பிக் குடையொன்றாலேயே புறங்கண்டு, மின்சார மீட்டர் படித்து, கணுக்காலில் இரண்டே இரண்டு விழுப்புண்களோடு ஓய்வூதியம் எய்திய அம்மாவீரன் கண்ட போர்களிலெல்லாம் கொடியது, இந்த ஆவணியில் ஒரு கைப்பேசி விளையாட்டின் பொருட்டு மூண்டது.

போரின் மூலம் மாலை நாலரை மணி. அவ்வேளையில் தெப்பக்குளப் படிக்கட்டில் அவரோடு அமர்ந்து ஊர்வம்பு அளந்த ஆருயிர்த் தோழர் இருவரில், நேசையன் தன் மகன் ஜெனினோடு இருக்கத் தோஹாவுக்கும், ரத்தினம் தன் மகளோடு இருக்கப் பெங்களூருக்கும் பெயர்ந்துவிட்டார்கள். தலைவன் தனித்தான் என்ற செய்தி ஒற்றர் எவருமின்றியே இல்லத்தரசி உலகம்மையை எட்ட, அவள் நாள்தோறும் நாலரைக்கு அரைக்கிலோ சின்ன உள்ளியை, பிற நாட்டார் மொழியில் சின்ன வெங்காயத்தை, முறத்தில் குவித்து அவர் முன் வைக்கலானாள். உரித்தார். கண்ணீர் ஆறாய்ப் பெருகிற்று. அது உள்ளியால் வந்ததா தோழரால் வந்ததா என்பதை நாம் விசாரிக்கவேண்டியதில்லை.

இச்சிறை மீள மூவரும் கண்ட உபாயம் இது: உலகெங்கும் உள்ளோர் ஆளுக்கொரு வேடம் பூண்டு இணையவெளியில் கூடிப் பொருதும் விளையாட்டு ஒன்றில், தினமும் நாலரைக்குச் சந்திப்பது. எந்த விளையாட்டில் என்பதில்தான் குருதி கொட்டிற்று. கப்பலேறிக் கடற்கொள்ளையரை அடிப்பேன் என்றார் நேசையன். மந்திரக்கோல் ஏந்தி அரக்கரை எரிப்பேன் என்றார் ரத்தினம். குதிரையேறிக் கோட்டை பிடிக்காத வாழ்வும் ஒரு வாழ்வோ என்றார் நம் தலைவர். ஒன்பது நாள் வாட்ஸப் களத்தில் குரல்பதிவுகள் அம்புமாரியாய்ப் பொழிந்தன. "கரைப் பக்கத்துப் பாறைக்குப் போற படகுலயே வாந்தி எடுத்தவன், கடல்ல சண்டைக்குப் போறானாம்" என்று ரத்தினம் எய்த கணை நேசையனின் நெஞ்சைத் துளைக்க, அவர் இரண்டு நாள் களத்தின் பக்கமே தலைகாட்டவில்லை. ஒருவர் முறித்துக்கொண்டு போனால் கூட்டணி கலையும். கலைந்தால் ஆயுள் முழுக்க உள்ளி. நடுங்கிய பகவதியப்பன், பூக்கட்டிப் பார்த்து முடிவு செய்வோம் என்று பிரகடனம் செய்தார். வேதக்காரரான, அதாவது கிறிஸ்தவரான, நேசையன் மறுப்பாரோ என்ற அச்சமும் அகன்றது. "சீட்டுப் போடுயது எங்க வேதத்துலயும் உண்டும். போடு மக்கா" என்று தோஹாவிலிருந்து ஆணை வந்தது.

வெள்ளை நந்தியாவட்டை, சிவப்புத் தெச்சி, மஞ்சள் அரளி மூன்றையும் வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியே மடித்து, எந்தப் பூவுக்கு எந்த விளையாட்டு என்பதை வழக்கப்படி எவருக்கும் உரைக்காமல், எழுதாமல், மனதுக்குள் மட்டும் நேர்ந்து, சாமி படத்தின் முன் அவர் வைத்த அக்கணத்தில், ஐயகோ, கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது! அதை உருட்டிச் சென்று அடுக்களையில் நிறுத்தி, மூச்சிரைக்க மீண்டு, ஒரு பொதியை எடுக்கும்படி மனைவியைப் பணித்தார்.

"வெள்ளையாக்கும். எதுக்குப் பாத்திய? வயல் வாங்கப் போறியளா?" என்றாள் உலகம்மை.

வெள்ளை. ஆனால் வெள்ளைக்கு நேர்ந்தது கப்பலா, மந்திரக்கோலா, குதிரையா? ஆயிரம் வீட்டு மீட்டர் எண்ணை மனப்பாடமாய் வைத்திருந்த அந்த மகாமூளை, பழைய சிலிண்டரைப்போல் காலியாகி நின்றது. மறுபடி கட்டினால் தெய்வக்குற்றம். மறந்துபோச்சு என்றால் இன்னும் ஒன்பது நாள் யுத்தம். குதிரை என்று சொல்லிவிட நா துடித்தது. தன் ஆசைக்குத் தானே தீர்ப்பு எழுதலாகாதென்று குதிரையை மனதிலிருந்து அவிழ்த்து விட்டார். எஞ்சிய இருவரில் தொலைவில் கிடப்பவன் எவன் என்று எண்ணினார். தோஹாக்காரன்தான். கடல் என்று அறிவித்தார்.

"பூ சொன்னா சரி," என்றார் ரத்தினம். "அவன் கையில ஒரு பாலித்தீன் கவர் குடுத்து ஏத்துங்க."

மறுநாள் நாலரைக்கு, உலகம்மை வழக்கம்போல் முறத்தை முன்னே வைத்துச் செல்ல, மூவரும் ஒரே அழைப்பில் கூடி, விளையாட்டை இறக்கத் தொடங்கினர். தலைவரின் கைப்பேசி இடமில்லை என்று முழங்க, நாலாண்டாய்ச் சேர்ந்த மூவாயிரத்து நானூறு காலை வணக்கப் படங்களை, ரோஜாவென்றும் கிளியென்றும் பாராமல், ஊழிக்காற்றில் சருகென வெட்டி வீழ்த்தினார். பின்பு சதவீதம் நத்தையாய் ஊர்ந்தது. ஊர்ந்த பொழுதெல்லாம் தோஹா வெயிலும், பெங்களூரில் கிடைக்காத மட்டி வாழைப்பழமும், கடைமடைக்கு வராத வாய்க்கால் தண்ணீரும், பழைய மேலதிகாரி ஒருவரின் இரண்டாம் கல்யாணமும் அலசி ஆராயப்பட்டன. ஆறு மணிக்கு நூறு சதவீதம் எய்தி, திரை ஒளிர்ந்து, இந்தப் போனில் இது ஓடாது என்று எழுத்துகள் தோன்றின.

"கப்பல் கெடக்கட்டும்லே பகவதி," என்றார் நேசையன். "நாளைக்கு ரத்தினத்துக்க மந்திரத்த எறக்கிப் பாப்போம். இதே நேரம்."

பகவதியப்பன் போனை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

முறத்தில் இருந்த அரைக்கிலோ உள்ளியும் உரித்து முடிந்திருந்தது.