அசல் கதவு

ஒரு மனிதனுக்குச் சொந்த வீட்டில் சாத்திக்கொள்ள ஒரு கதவாவது வேண்டும். போன வசந்தத்தில் இந்த முடிவுக்கு வந்தேன். வந்த இடம் பெருமைப்படும்படியானது அல்ல. கீழ்த்தளத்துக் கழிப்பறை. மடியில் ரேடியோ. யார்க்‌ஷயருக்குக் கடைசி விக்கெட், தேவை எட்டு ரன். எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் கதவு உள்ள ஒரே இடம் அதுதான்.

வீடு விக்டோரியா மகாராணி காலத்தது. அந்தக் காலத்தில் இங்கே எல்லாருக்கும் கதவு இருந்தது. விருந்தாளிக்கு ஒன்று, வேலைக்காரிக்கு ஒன்று. நிலக்கரிக்குக்கூடத் தனிக் கதவு. லீட்ஸில் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு நாங்கள் அதைப் புதுப்பித்தபோது, வடிவமைப்பாளர் வந்து பாதிச் சுவர்களை எடுத்துவிட்டு, "இனிமே வெளிச்சம் சுதந்திரமா நடமாடும்" என்றார். நடமாடுகிறது. என்னால்தான் முடியவில்லை. முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பின்பக்கத் தோட்டத்தில் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றும் என் மனைவி மோரீனுக்கு நான் முழுசாகத் தெரிவேன்.

"டெஸ்மண்ட், சும்மாதானே இருக்கீங்க?"

"மேட்ச் கேட்டுட்டிருக்கேன்."

"காதுதானே கேக்குது? கை சும்மாதானே இருக்கு. இந்த உருளைக்கிழங்கை உரிங்க."

முன்னறைக்கு வாசல் உண்டு. அழகான பழைய மரநிலையும் உண்டு. கதவுதான் இல்லை. நாங்கள் வாங்கும்போதே இல்லை. ஒன்று போடலாமே என்று கேட்டால், மோரீனிடம் ஒரே பதில்: "வெளிச்சம் போயிடும்."

இதற்கு நடுவில் என் மாமனார். பெயர் ஹெர்பர்ட். தச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பித்தளை வாத்தியக் குழுவில் யூஃபோனியம் ஊதுபவர்; அதிலிருந்து ஓய்வு பெறவில்லை. யூஃபோனியத்தைக் கேட்டிராதவர்களுக்கு: ஒரு பசுமாட்டின் துக்கத்தைப் பித்தளையில் வார்த்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும். ஸ்கார்பரோ கடற்கரையில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி மாடியில் தனியாக இருந்தார்.

"அப்பாவுக்கு முட்டி ரொம்ப மோசம்" என்றாள் மோரீன். "இங்க கூட்டிட்டு வந்துடலாமா?"

"தாராளமா. எனக்கென்ன? ஆனா இங்கயும் படுக்கையறையெல்லாம் மாடியிலதானே. கீழ கதவு வச்ச ரூம் ஏது? பெரிய மனுஷன், தெருவே பாக்க பைஜாமா மாத்துவாரா? அவர் கௌரவம் என்ன ஆவுறது?"

மோரீன் என்னைப் பார்த்தாள். பிறகு முன்னறை நிலையைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றதும் சரிதான்" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. நான் பயந்திருக்க வேண்டும். பூரித்துப் போனேன்.

ஜூனில் டெஸ்ட் ஆட்டம் வந்தது. ஐந்து நாளும் மைதானத்திலேயே கிடந்தேன். மோரீன் சாண்ட்விச் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். ஒரு நாள் மாலை திரும்பியபோது அவள் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது.

"என்னாச்சு?"

"கேரட் கேக் பண்ணலாம்னு பாத்தேன். கத்தி வழுக்கிடுச்சு."

"கேக் எங்க?"

"விரல் வெட்டுப்பட்ட பிறகு யாருக்குங்க கேக் பண்ணத் தோணும்?"

ஜூலையில் அவள் என்னிடம் ஒரு சுரண்டியைக் கொடுத்தாள். முன்னறை நிலையில் பெயிண்ட் உரிகிறதாம். "எடது பக்கத்துலேருந்து ஆரம்பிங்க" என்றாள். சுரண்டினேன். பெயிண்டுக்கு அடியில் பட்டி. பட்டிக்கு அடியில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, கீல் பதிக்க வெட்டிய இரண்டு பள்ளங்கள்.

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். முழுக்க விக்டோரியா வீடுகள், முழுக்கப் புதுப்பிக்கும் பைத்தியங்கள். இங்கே 'அசல்' என்ற ஒரு சொல்லுக்கு முன் எந்த வாதமும் நிற்காது. அடுத்த வீட்டு பெர்னார்ட் வீட்டில் ஜன்னல் இடுக்கு வழியாகக் காற்று ஊளையிடும். அவர் மனைவி வீட்டுக்குள் கம்பளித் தொப்பியோடு நடமாடுகிறாள். ஜன்னல் அசலானது, எனவே தொப்பி கழலாது.

"மோரீன், இங்க வந்து பாரு. இந்த வாசலுக்குக் கதவு இருந்திருக்கு. அசல் கதவு."

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"அடக் கடவுளே. அப்ப போட்டுத்தான் ஆகணுமா?"

"நம்ம இஷ்டமா இது? வீட்டுக்குச் செய்யற மரியாதை."

"வெளிச்சம் போயிடுமே."

"விக்டோரியா காலத்துல எல்லாரும் இருட்டுலயா உக்காந்திருந்தாங்க?"

"கதவைச் சாத்தினா உள்ள குளிரும்."

"ஒரு ஹீட்டர் வச்சுடறேன்."

"நாள் முழுக்க அந்த நாற்காலியில உக்காந்தா உங்க இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"விரிச்சா கட்டில் ஆகற சோபா வாங்கிடறேன். மத்தியானம் காலை நீட்டலாம்."

பெருமூச்சு விட்டாள். "நீங்க ஒரு முடிவு பண்ணிட்டா யாரால தடுக்க முடியும்?" என்றாள். அன்று இரவு நான் நன்றாகத் தூங்கினேன்.

பழைய கட்டடச் சாமான் விற்கும் இடத்தில் அதே காலத்துக் கதவு ஒன்று கிடைத்தது. ஒரு சிக்கல். அந்தப் பள்ளங்களில் கதவின் பழைய கீலைப் பதித்துத் தூக்கினால், மேல்சட்டத்தில் அரை அங்குலம் முட்டியது. பள்ளங்களை இறக்கி வெட்டலாம்தான். அசலில் கை வைப்பேனா? கதவின் தலையை இழைத்துக் குறைத்தேன்.

இழைக்க இழைக்க எனக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. அந்தக் காலத்துத் தச்சன் இயந்திரம் அல்ல. அவனும் மனிதன். ஏதோ நினைப்பில் அரை அங்குலம் ஏற்றி வெட்டிவிட்டான். இதையே தெருச் சங்கக் கூட்டத்தில் 'அரை அங்குலத்தில் ஒரு ஆத்மா' என்ற தலைப்பில் பேசினேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெர்னார்ட் தன் வீட்டுக்குப் போய்க் கதவுகளையெல்லாம் அளந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தனவாம். மனிதர் நொந்துபோனார். முன்வரிசையில் மோரீன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளும் உருகிவிட்டாள் என்று நினைத்தேன்.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை கதவைச் சாத்தினேன். ஹீட்டர் இதமாக இருந்தது. சோபாவில் காலை நீட்டி ரேடியோவைத் திருகினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. மோரீன் டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி, என் வீட்டில், தட்டிவிட்டு உள்ளே வந்தாள்.

"வசதியா இருக்கா?"

"சொர்க்கம்."

"குளிரலையே?"

"இல்லவே இல்லை."

"சோபா முதுகை உறுத்துதா?"

"பஞ்சு மெத்தை மாதிரி இருக்கு. ஏன் கேக்கற?"

"அப்பாவுக்கு உறுத்தக்கூடாதில்லையா, அதான். பெர்னார்ட் ஸ்டேஷன்லேருந்து அவரைக் கூட்டிட்டு வந்துட்டிருக்கார்."

எடுத்த பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன்.

"நீங்கதானேங்க சொன்னீங்க? கீழ கதவு வச்ச ரூம் இருந்தாத்தான் அவருக்குக் கௌரவம்னு. இவ்வளவும் அவருக்காகப் பண்ணியிருக்கீங்கன்னு சொன்னேன். போன்லயே அழுதுட்டார்."

கதவு இல்லாததால் மாமனார் வரமுடியாது என்பதையும், எனக்கு ஒரு கதவு வேண்டும் என்பதையும் நான் ஒரே மண்டைக்குள் மாதக்கணக்கில் வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். வாழ்க்கை அப்படியொன்றும் மோசமில்லை. ஹெர்பர்ட்டுக்கும் கிரிக்கெட் பைத்தியம். காலையில் நான் கதவைத் தட்டுவேன், "வாங்க மாப்ளே" என்பார். சாத்திக்கொண்டு இருவரும் கேட்போம். உருளைக்கிழங்கை அவரே வாங்கி உரித்துவிடுகிறார். உணவு இடைவேளையில் மட்டும் யூஃபோனியம். அப்போது நான் தோட்டத்துக்குப் போய் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். வீட்டின் மற்ற இடமெல்லாம் மோரீன் ராஜ்ஜியம். வெளிச்சமும் அவளும் சுதந்திரமாக நடமாடுகிறார்கள்.

போன வாரம் மழையால் ஆட்டம் நின்றது. மாமனார் எழுந்து போய்க் கதவை ஒருமுறை திறந்து மூடினார். கீலில் விரலை வைத்து மேலே பார்த்தார். இழைத்த இடம் தெரிந்தது.

"அந்தக் காலத்துத் தச்சன் பண்ணின தப்பு மாமா" என்று ஆரம்பித்தேன். அரை மணி நேரப் பேச்சு எனக்கு மனப்பாடம். "அவனும் மனுஷன்தானே..."

"எந்தத் தச்சன்?" என்றார் அவர். "மேலேருந்து ஏழு இஞ்சு விட்டுப் பள்ளம் வெட்டும்மான்னு போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னேன் மாப்ளே. ஆறரையில வெட்டிட்டு, விரலையும் வெட்டிக்கிட்டா."