மாஞ்சர் பாபாவின் பன்னிரண்டு அற்புதப் பூனைகள்

2002-ஆம் ஆண்டு மழைக்காலம். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் புனேயின் சாங்வி பக்கம் போனவர்கள் ஓர் அதிசயத்தைப் பார்த்திருப்பார்கள். வட்டாரத்துப் பூனைகளெல்லாம் சாமி தரிசனத்துக்குக் கிளம்பியிருந்தன. காய்கறிக் கூடையில் ஒன்று, கிரிக்கெட் மட்டைப் பையில் ஒன்று, மூச்சுவிட ஓட்டை போட்ட டி.வி. அட்டைப்பெட்டியில் ஒன்று. ஒரு வங்கி அதிகாரி தன் பூனையைத் தலையணை உறைக்குள் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி ஓட்டிவந்தார். பூனையின் முகத்தில் இருந்த சந்தேகம் அதிகாரியின் முகத்தில் இல்லை.

எல்லாரும் போன இடம் ஆற்றோரத்துத் தகரக் கொட்டகை. அதற்குள் மாஞ்சர் பாபா. மராத்தியில் மாஞ்சர் என்றால் பூனை. பாபா என்றால் என்ன என்பதை இந்த நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பாபாவின் அற்புதம் எளிமையானது. பூனையின் கழுத்தில் மந்திரித்த சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டுவார். நாற்பத்தெட்டு நாள் கயிறு கழுத்தில் கிடந்தால், அந்தப் பூனை ஆயுசுக்கும் குட்டி போடாது. கத்தி இல்லை, தையல் இல்லை, மயக்க ஊசி இல்லை. சில விதிகள் மட்டும் உண்டு. கயிறு அவிழக் கூடாது. வீட்டில் பால் சிந்தக் கூடாது. 'குட்டி' என்ற சொல்லை எந்த மொழியிலும் யாரும் உச்சரிக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் பலன் போச்சு. பாபாமேல் பழியில்லை. ஆதலால் பாபா தோற்றதே கிடையாது, பக்தர்கள்தான் தோற்றார்கள்.

கயிறு கட்டுமுன் பாபா ஒவ்வொரு பூனையையும் திரைக்குப் பின்னால் கொண்டுபோய் அரை நிமிடம் 'நாடி' பார்ப்பார். பிறகு காணிக்கை சொல்வார். காவி நிறப் பூனை என்றால் பெரும்பாலும் நூற்றொரு ரூபாய். காவி பாபாவின் நிறமல்லவா, அருள் சட்டென்று பிடித்துக்கொள்ளுமாம். வெள்ளை, கறுப்பு, காவி என மூன்று நிறமும் கலந்த பூனையைப் பார்த்தாலோ பாபாவின் முகம் இருண்டுவிடும். மூன்று கிரகங்கள் ஒரே உடம்பில் சண்டையாம். அதற்கு ஆயிரத்து நூறு. உத்தரவாதமும் கிடையாது.

கொட்டகைச் சுவரில் பன்னிரண்டு பூனைகளின் படங்கள் மாலையோடு தொங்கின. கயிறு கட்டி ஒரு வருடம் ஆகியும் ஒரு குட்டிகூடப் போடாத புண்ணியப் பூனைகள்.

வரிசையில் மங்கையர்க்கரசி நின்றாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து மூன்று வருடம் ஆகிறது. கையிலிருந்த கூடையில் பவுன். வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டும், காசு காசாகக் காவிப் புள்ளியும். சரியாக மூன்று நிறம். என்ன செய்வது, அவளுடைய அதிர்ஷ்டம்.

பவுன் இரண்டு ஈத்தில் ஒன்பது குட்டி போட்டிருந்தது. ஒன்பதும் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி சொசைட்டியின் மாடிப்படியில்தான் வளர்ந்தன. செயலாளர் கதம் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டார்: இன்னொரு முறை குட்டி பிறந்தால் தாயையும் சேர்த்துச் சாக்கில் கட்டி, ஊருக்கு வெளியே தொலைவிலிருக்கும் ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் விட்டுவிடுவோம். வெறும் மிரட்டல் இல்லை. பி பிரிவு வேதநாயகியின் பூனை அப்படித்தான் ஜூன் மாதம் போயிற்று. சாக்குக்குள்ளிருந்து அது கத்திய கத்தல் மங்கையின் காதில் இன்னும் இருந்தது.

ஆபரேஷன் செய்யலாமென்று விசாரித்தாள். தனியார் கால்நடை மருத்துவர் ஆயிரத்து எண்ணூறு கேட்டார், மருந்து தனி. கணவன் பாஸ்கரின் கம்பெனியில் வேலை இல்லையென்று அவனைப் பாதிச் சம்பளத்தில் உட்கார வைத்திருந்த நேரம் அது. அதனால் பாஸ்கர் பாபாவை ஆராய்ந்தான். விமான் நகரில் கம்ப்யூட்டரில் பிழை கண்டுபிடிக்கும் வேலை அவனுக்கு. ஆராய்ச்சி பத்து நிமிடத்தில் முடிந்தது.

"சுவத்துல பன்னெண்டு பூனை, பன்னெண்டும் சக்சஸ். நாங்க எழுதற புரோகிராம்கூட இவ்வளவு சுத்தமா ஓடாது மங்கை," என்றான்.

படம் மாட்டப்படாத பூனைகள் எத்தனை என்று அவன் கேட்கவில்லை. அலுவலகத்தில் கேட்டிருப்பான். அங்கே அதற்குச் சம்பளம் உண்டு.

மங்கையின் முறை வந்தபோது பாபா அவள் நெற்றியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பிறகு பச்சைத் தமிழில், "இன்னாம்மா, நம்ம ஊரா?" என்றார். அவளுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. பாபா மராத்திக்காரரோடு மராத்தி, இந்திக்காரரோடு இந்தி. தமிழும் வருகிறதென்றால் அது தெய்வ சித்தமில்லாமல் வேறென்ன? குடியாத்தத்தில் பிறந்தவனுக்கும் தமிழ் வரும் என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை. ஆயிரத்து நூறையும் எடுத்துவைத்தாள்.

நான்காம் நாள் பவுன் பால்கனிக் கம்பிக்குள் கழுத்தைவிட்டு வெளியே எடுத்தது. கயிறு கம்பியோடு நின்றுவிட்டது. மங்கை கொட்டகைக்கு ஓடினாள். வீட்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னார்களா என்று பாபா கேட்டார். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நான்கு வயது மகள் தேஜஸ்வினியை பாஸ்கர் நாளெல்லாம் கூப்பிடுவதே 'குட்டிம்மா' என்றுதான். பாபா பெருமூச்சு விட்டு, இன்னொரு ஆயிரத்து நூறுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து அப்பா மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமென்று வீட்டில் சட்டம். கோபத்திலிருக்கிறாரோ என்று அந்தக் குழந்தை பயந்துபோயிற்று. பவுன் குளியலறைக்குள் பூட்டப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே தெருக்கடுவன்கள் கச்சேரி நடத்தின.

மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது மங்கை இதையெல்லாம் ஹெலினாவிடம் கொட்டினாள். ஹெலினா கீழ்வீட்டுக்காரி. கண்டோன்மென்ட் ஓரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவள். கட்கியில் ஒரு பள்ளியில் உயிரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: அந்தப் பன்னிரண்டு பூனையும் என்ன நிறம்?

மங்கை யோசித்தாள். பதினொன்று காவி. ஒன்று கறுப்பு.

ஹெலினா துணிக்கவ்வியை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள். "வர்ற ஞாயிறு நானும் வர்றேன். பவுனை வீட்லயே விடுங்க. அது பாவம், போதும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் ஆண்டு விழா. இருநூறு பேர் இருப்பார்கள். பன்னிரண்டு புண்ணியப் பூனைகளும் நேரிலேயே வந்திருந்தன. மேடையில் வரிசையாகப் பட்டுத் துண்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பூனை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள அதன் சொந்தக்காரர். லக்ஷ்மி, ராணி, சோனி, ஐஸ்வர்யா என்று ஒவ்வொரு பெயராக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஆரத்தி எடுத்தபோது லக்ஷ்மி தட்டிலிருந்த பேடாவை நக்கியது. கூட்டம் பரவசப்பட்டது.

பாபாவின் முகத்தைப் பார்த்ததும் ஹெலினாவின் புருவம் ஏறியது. ஆரத்தி முடியும்வரை பொறுத்திருந்தாள். பிறகு மேடையேறி லக்ஷ்மியின் முன் குந்தினாள். பிடித்திருந்தவர் அந்த வங்கி அதிகாரி. இந்தியில் மரியாதையாகக் கேட்டாள்: "பாய்சாப், உங்க லக்ஷ்மி வாலைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட முடியுமா?"

அதிகாரி முகம் சிவந்தார். ஆனால் ஒரு பெண்மணி இருநூறு பேர் முன்னால் மரியாதையாகக் கேட்கிறார். தூக்கினார்.

ஹெலினா விரலால் சுட்டிக்காட்டினாள். அதிகாரி குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இரண்டு வருடமாகத் தன் கட்டிலில் படுத்துத் தூங்கிய லக்ஷ்மியிடம், ஒரு லக்ஷ்மியிடம் இருக்கக் கூடாத இரண்டு பொருள்கள் இருந்தன.

"கடுவன்," என்றாள் ஹெலினா. "அடுத்தது?"

ராணியின் வால் தூக்கப்பட்டது. கடுவன். சோனி, கடுவன். ஐஸ்வர்யா பலமாக எதிர்ப்புத் தெரிவித்துவிட்டுக் கடுவன் என்று நிரூபணமானது. ஐந்தாவது வாலில் கூட்டத்தில் யாரோ செருமினார்கள். எட்டாவதில் சிரிப்பு கிளம்பிவிட்டது. பன்னிரண்டும் முடிந்தபோது மேடையில் பன்னிரண்டு ஆண்பிள்ளைகள் பட்டுத் துண்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஆம், ஒரு வருடமாக அவர்களில் ஒருவர்கூடப் பிரசவிக்கவில்லை. பாபா சொன்னது பொய்யே இல்லை.

ஆனால் பாபா அசரவில்லை. இந்தத் தொழிலில் அசருகிறவன் முதல் வாரமே ஊரைவிட்டு ஓட வேண்டியதுதான். இரண்டு கையையும் தூக்கினார். "பார்த்தீர்களா என் தெய்வத்தின் கருணையை! பெண்ணாக வந்தவை ஆணாகிவிட்டன!"

நம்புவீர்களா? கைதட்டினார்கள். முன் வரிசையில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல்லூரியில் பௌதிகம் நடத்துகிற ஒரு பேராசிரியர், இதற்கு விஞ்ஞானத்திலேயே இடம் இருக்கிறது என்று பக்கத்திலிருந்தவரிடம் ஆரம்பித்தார். மங்கைக்கேகூட ஒரு கணம் பவுன் ஆணாகிவிட்டால் கதம் விட்டுவிடுவாரே என்று தோன்றியது. அடுத்த கணம் தன் ஆயிரத்து நூறு ஞாபகம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பாபாவின் முன்னால் வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, வரிசையில இன்னிக்குக் கயிறு கட்ட வந்த பூனை இருக்குதுங்களே. நூத்தியொண்ணு சொன்ன பூனைங்க. அதுங்களுக்கு இன்னும் கயிறே கட்டலையே. அதுங்க வாலையும் பாத்துடலாமுங்களா?"

கேட்டது தமிழில். அது புரிந்தவர்களில் முதலில் வெளுத்த முகம் பாபாவுடையது. ஹெலினா அதை இந்தியில் சொன்னாள், மராத்தியிலும் சொன்னாள்.

கூடைகள் திறந்தன. இப்போது யாரும் அனுமதி கேட்கவில்லை. காலையில் நாடி பார்த்து நூற்றொரு ரூபாய் சொல்லப்பட்ட பூனைகள் ஏழு. கழுத்தில் கயிறு இல்லை. ஏழும் கடுவன். கயிறு வருவதற்கு முன்பே கருணை வந்து உட்கார்ந்திருந்தது. ஆயிரத்து நூறு சொல்லப்பட்டவை நான்கு. நான்கும் பெட்டை.

"காவிப் பூனை அஞ்சுல நாலு கடுவனாத்தான் இருக்கும். மூணு நிறம்னா கிட்டத்தட்ட எல்லாமே பெட்டை," என்றாள் ஹெலினா. "கிரகம் இல்லை, பிறப்பு. மீதியைத் திரைக்குப் பின்னால வாலைத் தூக்கிப் பார்த்துடுவாரு. அதுல இவரு கெட்டிக்காரர். ஏன் துரைசாமி அண்ணா, கேம்ப் பஜார்ல கிளிக்கடையில வேலை பார்த்தப்ப எங்க ஸ்கூலுக்கு வெள்ளெலி பிடிச்சுக் குடுப்பீங்களே. ஆண் பத்து, பெண் பத்துன்னா கணக்கு ஒருநாளும் தப்பாது."

துரைசாமி அண்ணா திரைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு பின்வாசல் இருந்தது. தொழில் தெரிந்தவர்கள் அதை வைத்துத்தான் கொட்டகையே கட்டுவார்கள். வங்கி அதிகாரி லக்ஷ்மியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றங்கரை வரைக்கும் துரத்தினார். பிடிபட்டது பாபாவின் ஜடாமுடி மட்டும்.

புதன்கிழமை ஹெலினா மங்கையைப் பிராணிகளுக்கான ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஆபரேஷனுக்கு நூற்றைம்பது ரூபாய். மருத்துவர் பவுனின் வயிற்றைத் தடவிப் பார்த்து, சினை இல்லை, நல்ல சமயத்தில் கொண்டுவந்தீர்கள் என்றார். சாயங்காலம் பவுன் தையலோடு, பெருங்கோபத்தோடு வீடு திரும்பியது. குளியலறைக் கதவு திறந்தது. பாஸ்கர் மகளைத் தூக்கி, நாள் கணக்கில் அடக்கிவைத்த 'குட்டிம்மா'க்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லித் தீர்த்தான். தையல் பிரித்த அன்று மருத்துவரின் சீட்டை மங்கை கதம் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, சாக்கை வாட்ச்மேனிடம் கொடுத்து வெங்காயம் கொட்டி வைக்கச் சொன்னார்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் அந்தப் புதன்கிழமை உட்கார்ந்திருந்தவர்கள் ஆறு பேர். ஒலிபெருக்கி இல்லை, ஆரத்தி இல்லை. மேஜையில் பழைய நோட்டும் ஒரு டெட்டால் வாசனையும்தான். இத்தனை நாளாக இது இங்கேதானா இருந்தது என்று மங்கை கேட்டாள். பன்னிரண்டு வருடமாக என்றாள் ஹெலினா. அப்புறம் ஏன் ஒருவரும் வருவதில்லை? ஏனென்றால் இங்கே கூட்டம் இல்லை.

கூட்டத்தின் பின்னால் போகாத பிராணி என்று பூனைக்குப் பெயர். இத்தனை பேர் இத்தனை வருடம் பாலூற்றி வளர்த்தார்களே, அதனிடம் அந்த ஒரு புத்தியையாவது கற்றுக்கொண்டிருக்கலாம்.