வெள்ளிக்கிழமை பதினொரு மணி

அறிவியல் படித்தவர்களுக்கு ராகு காலம், எமகண்டம் எல்லாம் கிடையாது என்று யாராவது மேடையில் பேசினால் நான் கைதட்ட மாட்டேன். தட்டினால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா தொடையில் கிள்ளுவார். உயிரியலிலும் புள்ளியியலிலும் ஏ வாங்கிவிட்டு, கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டு, ராகு காலம் போகட்டும் என்று தேயிலை மேட்டில் குந்திக் கிடந்த ஒருத்தியைப் பெற்று வளர்த்தவர் அவர். (அந்த ஒருத்தி நான்தான்.)

இன்று நான் பிசியோதெரபிஸ்ட். மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து முதல் ஆள். இதைச் சொல்லும்போது என் கழுத்து தானாக நிமிர்ந்துகொள்ளும், கண்டுகொள்ளாதீர்கள். ஆனால் அங்கே போய்ச் சேர்ந்த பாதை நேரானதல்ல. ஆறாம் படிவம் (பன்னிரண்டாம் வகுப்பு மாதிரி) முடித்தவுடன் அந்தப் படிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. பொது அறிவியல் பட்டப்படிப்புதான் கிடைத்தது. பட்டம் முடித்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பிசியோதெரபி பள்ளி ஒன்று இருந்தது. என்ன பட்டம் என்று அவர்கள் கேட்கவில்லை. அதற்குள் என்னென்ன பாடம் எடுத்தாய் என்றுதான் கேட்டார்கள். உயிரியல், வேதியியல், இயற்பியல், புள்ளியியல், உளவியல் எல்லாம் வேண்டும். உடற்கூறியல் இல்லாவிட்டால் விண்ணப்பத்தையே பிரிக்க மாட்டார்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்றால், அம்மாவின் வலது கை. அம்மா தோட்டத்தில் வெட்டு மெஷின் பிடிப்பவர். இரண்டு பேர் இரு பக்கமும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிரை நிரையாகக் கொழுந்து வெட்டிப் போகும் மெஷின் அது. வருடக்கணக்கில் பிடித்ததில் கை தோளுக்கு மேலே எழும்பாமல் போய்விட்டது. தலை சீவ இடது கை, கொடியில் துணி போட அப்பா. டவுன் கிளினிக்கில் கொடுத்த மாத்திரை தீர்ந்தால் வலி திரும்ப வந்துவிடும். அந்தக் கையை மேலே தூக்கவைப்பேன் என்று லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

"உருட் படிக்கவா யுனிவர்சிட்டிக்குப் போற?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். (கை கால் பிடித்துவிடுவதற்கு மலாயில் உருட் என்று பெயர்.) நான் அவரை உட்காரவைத்து நீண்ட விளக்கம் கொடுத்தேன். அக்கா பாதியில் அடுப்பைப் பார்க்க எழுந்து போனவர் திரும்பவே இல்லை.

அந்தக் காலத்தில் எனக்கு விளக்கம் கொடுக்கும் வியாதி இருந்தது. மூன்று வருடப் பாடங்களையும் ஒரு பெரிய அட்டையில் எழுதி, மூன்று வண்ணம் தீட்டி, வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். யார் வந்தாலும் குச்சியை எடுத்துவிடுவேன். இதைப் படித்தால்தான் அடுத்ததைப் படிக்க விடுவார்கள், உடற்கூறியல் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், அதை விட்டால் அதற்குப் பின்னால் நிற்கும் உடலியங்கியல், அசைவியல் எல்லாம் ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று பாடம் நடத்துவேன். தேயிலை பேக்டரியில் வேலை பார்க்கும் அப்பா, மகள் பேசுவதைப் பெருமையோடு கேட்டுக்கொண்டிருப்பார். அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"அப்ப ஒரு நெரைய விட்டுட்டா அடுத்த நெரைக்குப் போவ முடியாது. அதானே?"

"அதேதாம்மா."

"அப்ப விட்டுறாத."

விடுவேனா! மூன்று வண்ணம் தீட்டியவள் நான். அட்டையில் எல்லாம் இருந்தது. பாடங்களைப் பதியும் நாளும் நேரமும் மட்டும் இல்லை. அது வந்தபோது நான் விடுமுறையில் வீட்டில் இருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும், முதலில் வருபவருக்கே இடம் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

அப்பா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"வெள்ளிக்கெழம பத்தரைலேருந்து பன்னெண்டு வரைக்கும் ராகு காலம்மா."

இதுவரை என் அறிவியல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அப்பா அடுத்துச் சொன்னதில் ஆடிப்போனேன். "ஒன்னோட கார் டெஸ்ட்டு ஞாபகம் இருக்கா?" ஞாபகம் இருந்தது. ராகு காலத்தில் காரை எடுத்தேன், தோற்றேன். (பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தில் இடித்ததில் ராகுவின் பங்கு என்ன என்று அப்போது நான் யோசிக்கவில்லை.)

எங்கள் லயத்தில் லைன் கிடைக்காது. (சிக்னலைத்தான் நாங்கள் லைன் என்போம்.) நிறுவைக் கொட்டகைக்கு மேலே உள்ள மேட்டில் ஒரு பாறை உண்டு, அதன் மேல் உட்கார்ந்தால் முழுசாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை நானும் அப்பாவும் அங்கே ஏறி உட்கார்ந்தோம். பதினொரு மணிக்குப் பக்கம் திறந்துகொண்டது. உடற்கூறியல், பக்கத்தில் மிச்சமிருக்கும் இடங்களின் எண்ணிக்கை, அதற்குப் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு பட்டன். விரலை அதன் மேல் வைத்துக்கொண்டு, அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன்.

கீழே கொட்டகையில் கொழுந்து மூட்டைகளை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"பாப்பா, பதிஞ்சாச்சா?"

"இல்லம்மா. பன்னெண்டுக்குத்தான்."

"பதினொன்னுன்னுதானே சொன்ன?"

"ராகு காலம் போவட்டும்!" என்று அப்பா மேலிருந்து குரல் கொடுத்தார். "படிப்பு விசயம். அவசரப்படக் கூடாது."

அம்மா மூட்டையைக் கீழே போட்டார். "ஏங்க, ராகு காலம்னு மெஷின எறக்கி வச்சிட்டு நான் ஒக்காந்தா கங்காணி சும்மா விட்டுருவாரா? கேளுங்க அவர!"

"என்னை ஏம்மா இழுக்குற?" என்றார் கங்காணி. ஆனாலும் அவர் தராசை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அமுக்கு பாப்பா! அமுக்கு லா!" அம்மாவின் குரல் எதிர் மேட்டில் மோதித் திரும்பி வந்தது. (லா என்பது எங்கள் ஊர்ப் பேச்சின் ஆச்சரியக்குறி.)

நான் என் புள்ளியியல் மூளையைப் பயன்படுத்தினேன். காத்திருந்தால் சில இடங்கள் குறையலாம், அவ்வளவுதான். காத்திருக்காவிட்டால் முழு வாழ்க்கையும் அந்தக் கம்பத்தில் போய் இடிக்கலாம். ஆகவே காத்திருப்பதே அறிவியல்பூர்வமானது! எண்ணிக்கை என் கண் முன்னால் இறங்கிக்கொண்டே வந்தது. பாதியானது. ஒற்றை இலக்கமானது. சுழியமானது. சுழியமான பிறகும் நான் எழுந்திருக்கவில்லை என்பதுதான் வேதனை. ராகு விலகியதும் ஏதாவது நல்லது நடக்கும் என்று பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்து, பக்தியோடு பட்டனை அழுத்தினேன். 'பெனுஹ்' என்று மலாயில் சிவப்பு எழுத்தில் வந்தது. நிரம்பிவிட்டதாம்.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. "வெள்ளிக்கெழம, தொழுகைக்குப் போயிருப்பாங்கம்மா, ரெண்டே முக்காலுக்கு மேலதான் வருவாங்க" என்றார் அப்பா, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாத குரலில். பிற்பகலில் போனை எடுத்த கிராணி (குமாஸ்தா), திங்கட்கிழமை பாடப் பொறுப்பாளரை நேரில் வந்து பார் என்றார். அதுவரை காலியாக இருக்கும் எதையாவது பதிந்து வை, இல்லாவிட்டால் படிப்பு நேரம் (கிரெடிட்) போதாது என்று சிக்கல் வரும் என்றும் சொன்னார். காலியாக இருந்தது ஒன்றே ஒன்று. காளான் வளர்ப்பு.

கேமரன் மலையிலிருந்து கீழே இறங்கிப் போய்க் காளான் வளர்க்கப் படிக்கப்போகிற முதல் ஆளும் நான்தான். உருட் அக்காவுக்கு அன்றைக்கே சேதி போய்விட்டது. "கியா பார்ம் பக்கம் காளான் தோட்டத்துக்குப் போனா சும்மாவே சொல்லிக் குடுப்பாங்களே பாப்பா" என்று நிஜமான இரக்கத்தோடு சொன்னார்.

அம்மா திட்டவில்லை. சாயங்காலம் சுவரில் இருந்த அட்டையின் முன்னால் நின்று, இடது கையால் வலது தோளைப் பிடித்தபடி, "அப்ப அடுத்த வருசமா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை அம்மாவின் தம்பியின் லோரியில் கிளம்பினோம். மாமா கோலா தெர்லாவிலிருந்து கீழே காய்கறி ஏற்றிப் போகிறவர். நாங்கள் மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். "ஏழரைக்குள்ள மலைய விட்டு எறங்கிருவோம். திங்கக்கெழம ஏழரைலேருந்து ஒம்பது…" என்று அப்பா தொடங்கினார். அம்மா திரும்பிப் பார்த்தார். அப்பா மிச்சத்தை விழுங்கிவிட்டார்.

நான் மட்டும் உள்ளே போய்ப் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் பொறுப்பாளரின் கதவைத் தட்டியபோது எனக்குப் பின்னால் அம்மாவும், அம்மாவுக்குப் பின்னால் அப்பாவும், அப்பாவுக்குப் பின்னால் ஒரு பெட்டி முட்டைக்கோசோடு மாமாவும் இருந்தார்கள். பொறுப்பாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. மரியாதையாகப் புவான் என்று அழைத்தோம். (இனி வரும் பேச்சு முழுக்க மலாயில் நடந்தது. எங்கள் வீட்டு ஆட்களின் மலாயை அப்படியே எழுதினால் மொழிக்காரர்கள் வழக்குப் போடுவார்கள், தமிழிலேயே தருகிறேன்.)

புவான் முதலில் கோசைப் பார்த்தார். "பரிசு எதுவும் நான் வாங்கக் கூடாது."

"பரிசு இல்ல புவான், கோசு" என்றார் மாமா. அவரையும் கோசையும் வெளியே அனுப்பினோம்.

புவான் கணினியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "சரியாகப் பதினொரு மணிக்கே நீ உள்ளே வந்திருக்கிறாய். பன்னிரண்டு வரை என்ன செய்துகொண்டிருந்தாய்?"

"மலை மேலே லைன் சரியில்லை, புவான்" என்றேன்.

"லைன் நல்லா இருந்துச்சு புவான்" என்றார் அம்மா. "இவளுக்குத்தான் பயம்."

வேறு வழியில்லை. ராகு காலத்தை மலாயில் விளக்க முயன்றேன். ஒரு பாம்பு, ஒரு நிலா என்று ஆரம்பித்து, நடுவில் தொலைந்துபோனேன். அப்பா உதவிக்கு வந்து, கையைப் பாம்பாக வைத்து, மேசையில் இருந்த டென்னிஸ் பந்தை விழுங்கிக் காட்டினார். இரண்டு வருடம் அறிவியல் சொல்லிக்கொடுத்த பல்கலைக்கழகத்துக்குள் என் அப்பாவின் கை ஒரு பந்தை விழுங்கிக்கொண்டிருந்தது. சாகலாம் போல் இருந்தது.

புவான் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மகள் கல்யாணத்துக்கு மழை வரக் கூடாது என்று வெங்காயத்தையும் மிளகாயையும் குச்சியில் குத்தி வாசலில் நட்டவள் நான். நானும் அறிவியல்தான்." பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "ஆனால் இடம் இல்லை. ஏன் இந்த வருடமே வேண்டும்?" என்றார்.

அதற்கு என்னிடம் தயாரித்து வைத்த பதில் ஒன்று இருந்தது. சமுதாயம், சேவை எல்லாம் அதில் வரும். நான் அதை ஆரம்பிப்பதற்குள் அம்மா முன்னால் வந்து வலது கையைத் தூக்கிக் காட்டினார். அது தோளுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"இவ்ளோதான் வருது புவான். இதத் தூக்க வைக்கிறேன்னு எம்பொண்ணு சொல்லிருக்கா. செய்வா. பயந்தவதான், ஆனா கெட்டிக்காரி. நான் இன்னும் ஒரு வருசம்னாலும் இருந்துக்குவேன். அவளுக்குத்தான் மனசு தாங்காது."

அந்தப் பெண்மணிக்கு முன்னால், பெருமாள் கோயில் தேரைப் பார்ப்பது போல நான் என் அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெருமையாக இருந்தது.

புவான் மெதுவாகச் சொன்னார். "விதியை மாற்ற முடியாது. ஆனால் முதல் ஆய்வுக்கூட வகுப்பன்று வாசலில் வந்து நில். பதப்படுத்திய உடலைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் பாடத்தையே விட்டு ஓடுவார். அந்த இடம் உனக்கு."

நின்றேன். வகுப்பு தொடங்கிய சிறிது நேரத்தில் உயரமான ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைக் கடந்து ஓடினான். பாவம் என்று நினைப்பதற்கு முன்னால் நான் உள்ளே இருந்தேன். மருந்து நெடி மூக்கில் ஏறி எனக்கும் கண் இருட்டியது. ஆனால் மேசை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். லயம், லோரி, கோசு, பாம்பு எல்லாவற்றுக்கும் பிறகு மயங்கி விழுந்தால் அம்மாவிடம் யார் பதில் சொல்வது? அன்று மேசையில் தோள்தான் இருந்தது. ஒவ்வொரு தசையின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பாடத்தில் ஏ கழித்தல் வாங்கினேன். காளான் வளர்ப்பில் முழு ஏ. "ராகு காலம் முடிஞ்சு பதிஞ்ச பாடமாச்சே, அதான்" என்று அப்பா இன்றைக்கும் சொல்கிறார்.

இப்போது எங்கள் மலையிலேயே மருத்துவமனையில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்து அக்காமார் எல்லாரும், "பத்தரைக்கு முன்னாடி குடு பாப்பா, இல்லாட்டி சாயங்காலம் குடு" என்றுதான் நேரம் கேட்பார்கள். உருட் அக்கா தன் முட்டிக்கு முதல் ஆளாக வந்து காலை எட்டு மணியைப் பிடித்துக்கொண்டார். அதனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணி எப்போதும் காலியாகவே கிடந்தது. அதை நான் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன்.

சிகிச்சை அறைச் சுவரில் தினமும் தாள் கிழிக்கும் தமிழ் நாட்காட்டி ஒன்றை மாட்டி வைத்திருக்கிறேன். முதலில் அம்மாவின் மார்பளவில் மாட்டினேன். சில வாரங்களுக்கு ஒரு முறை ஆணியைக் கொஞ்சம் மேலே அடிப்பேன். வலது கையை உயர்த்தி அன்றைய தாளைக் கிழிப்பதுதான் அவருக்குப் பயிற்சி. போன வாரம் ஆணி அவர் தலைக்கு மேலே போய்விட்டது. கை பாதியில் நின்றுவிட்டது.

"கிழி லா!" என்றேன்.

அம்மா திரும்பாமலே கேட்டார். "மணி என்ன?"

"பதினொன்னும்மா."

"நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டு, கையை முழுசாகத் தூக்கித் தாளைக் கிழித்து என்னிடம் கொடுத்தார்.