லாட்சோவும் லேட்டாக வரும் மனைவியும்

"இழு, ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் இழு!" என்று பக்கத்திரைக்குப் பின்னாலிருந்து நாடக முதலாளி கிசுகிசுத்தார்.

கோமாளி ருஜ்ஜேரோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொளதொள வெள்ளைச் சட்டையும் கறுப்பு முகமூடியுமாக, இல்லாத ஈயை மேடை முழுக்கத் துரத்திக்கொண்டிருந்தான். வேலைக்காரி வேஷத்தில் அவன் மனைவி எர்சிலியா இந்நேரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காதலன் வேஷம் போடும் ஃபௌஸ்தோவையும் காணோம். நாலு நாளாக இதே கூத்து.

ஈயைப் பிடித்து மென்று விழுங்கி ஆட்டத்தை முடித்தான். அப்போதும் வரவில்லை. வேறு வழியில்லாமல், வயிற்றுக்குள் பறக்கும் ஈயைத் துரத்த வேண்டியதாயிற்று. நேப்பிள்ஸ் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடைவேளையில் முதலாளியைப் பிடித்தான். "என் பெண்டாட்டி ஏன் லேட்டு?"

"யோவ், லாட்சோ பண்றதுதானே உன் வேலை? லாட்சோன்னா முடிச்சு. நாடகம் அறுந்தா நீ கோமாளித்தனம் பண்ணி முடிச்சுப் போடணும். அதான் அந்தப் பேரு."

"முடிச்சுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல! 'லாட்சியோனே', அதாவது செய்கை. அது தேஞ்சு லாட்சோ ஆச்சு. எங்க பரம்பரைக்கே தெரியும்."

"பண்டிதர்களே இன்னும் அடிச்சுக்கிறாங்க, நீ சொல்ல வந்துட்டே!"

வார்த்தை எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஊரே இருக்கிறது. மனைவி எங்கிருந்து வருகிறாள் என்று சொல்லத்தான் ஆளில்லை!

வீட்டில் கேட்டான். "எங்கடி போயிருந்தே?"

"ரவிக்கைக் கொக்கி மாட்டிட்டிருந்தேங்க."

"யார் மாட்டிவிட்டா?"

"என் கைதான். காபி ஆறுது, குடிங்க."

கொக்கியோ முதுகுப் பக்கம்! காபி அவனுக்குக் கசந்தது.

மறுநாள் ஈயைத் திரையோரமாகவே துரத்தி, எட்டிப் பார்த்தான். ஃபௌஸ்தோவின் சிவப்புச் சட்டைக் கை தெரிந்தது. எர்சிலியா சிரிப்பது கேட்டது. அடிப்பாவி! பதறிப்போய் மேடை நடுவுக்கு ஓடி வந்தான், மறுபடி ஓடி எட்டிப் பார்த்தான். கூட்டம் பெஞ்சைத் தட்டி ஆர்ப்பரித்தது.

"இதையே பண்ணுய்யா, தினம் பண்ணு!" என்றார் முதலாளி.

அவன் எட்டிப் பார்க்கப் பார்க்கக் கூட்டம் கூடியது. கூட்டம் கூடக்கூட எர்சிலியா இன்னும் தாமதமாக வந்தாள்.

சனிக்கிழமை பொறுமை போயிற்று. ஈயாவது, கீயாவது! திரையை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். இருவரும் ஒரே பெட்டிமேல் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்திலிருந்து மீன் வறுவல் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஃபௌஸ்தோவின் சட்டைக் காலரைப் பிடித்தான். "எத்தனை நாளாடா நடக்குது?"

எர்சிலியா வாய் நிறைய மீனோடு விழித்தாள். வெளியே, ருஜ்ஜேரோ போட்ட சத்தத்துக்கே கொட்டகை அதிர்ந்து சிரித்தது.

திரை இழுக்கும் துல்லியோ கயிற்றை விடாமலே சொன்னார்: "அவர் காலரை விடுங்க தம்பி, நீங்க பண்றதுக்கு ஜனங்க சிரிக்கவே மாட்டேங்கிறாங்கன்னு முதலாளி உங்க கணக்கைத் தீர்த்து அனுப்ப இருந்தப்போ, 'என் வீட்டுக்காரரைச் சந்தேகப்பட விட்டுப் பாருங்க, ஊரே சிரிக்கும்'னு கெஞ்சி உங்க வேலையைக் காப்பாத்தினதே இந்தம்மாதான்!"